லேப் அக்கா அடைத்த இடைவெளி

லேப் அக்கா தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணிப்பை தொங்கும். அதில் இருந்தவை எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கின்றன. சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள், பிசைந்து ஒட்டுகிற பசை இரண்டு நிறத்தில், நிறமில்லாத நகப்பூச்சு ஒரு புட்டி, பித்தளைக் கம்பி, ஊசி நூல், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், முனை மழுங்கிய கத்தி, காகிதத்தில் மடித்த வெள்ளை சிமெண்ட். சாப்பாட்டுக்கு வேறு பை.

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆசிரியைகளுக்கும் அவர் லேப் அக்காதான், எங்களுக்கும் லேப் அக்காதான். மெலிந்த உடம்பு, முழங்கை வரை வரும் விறைப்பான ஜாக்கெட், சத்தமில்லாத நடை. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு.

பொருள்கள் உடைவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. உடைந்தது தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பின் முதல் செய்முறை வகுப்பில் நான் ஒரு முப்பட்டகத்தைக் கீழே போட்டேன். மொசைக் தரையில் விழுந்து ஒரு முனை சிதறியது. ஆசிரியை கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் லேப் அக்கா சில்லைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். முப்பட்டகத்தை எடுத்தார், முந்தானையில் துடைத்தார், உடைந்த முனையில் நகப்பூச்சைத் தடவி ஊதினார், அந்த முனை ஓரமாகப் போகும்படி திருப்பி என் தாளில் வைத்தார்.

“ஒண்ணும் ஆகல சாமி. நீ ரீடிங் எடு” என்றார்.

அந்த முனை வழியாக ஒளி போக வேண்டியதில்லை என்பதால் என் அளவுகள் சரியாகவே வந்தன. உடைத்த பிள்ளை தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு பாடவேளை நிற்க வேண்டும் என்பது வழக்கம். நான் நிற்கவில்லை. நான் படித்த இரண்டு வருடத்தில் இயற்பியல் ஆய்வகத்தில் உடைத்ததற்காக யாருமே நின்றதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் உடைத்துவிட்டு நிற்பவர்கள், இயற்பியல் ஆய்வகத்தில் மட்டும் கண்ணாடிகூட உடையாது என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னுடன் படித்தவள் ஒருத்தி மழை நாளில், ஆய்வகத்துக்கு ஏறும் சாய்தளத்தில் வழுக்கி விழுந்தாள். லேப் அக்கா அவளை உள்ளே கூட்டிப் போய், மணிக்கட்டை அடிக்கோலோடு சேர்த்து துப்பட்டாவால் கட்டி, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஊட்டுல விழுந்தேன்னு சொல்லு கண்ணு என்று சொல்லி அனுப்பினார். பள்ளியில் விழுந்தாள் என்று தெரிந்தால் சாய்தளத்தையே பூட்டிவிடுவார்கள் என்பது அவர் பயம். கை வீங்கி மூன்றாம் நாள்தான் நாமக்கல்லுக்கு மருத்துவரிடம் போனார்கள். எலும்பு கொஞ்சம் திரும்பிக் கூடிவிட்டது. இப்போதும் அவள் தண்ணீர்க் குவளையைப் பிடிக்கும்போது கவனித்தால் தெரியும். அந்த ஒரு மாதமும் லேப் அக்கா தினம் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், தலை வாரிப் பின்னிவிட்டு வந்தார். அவள் வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. எனக்குத்தான் அவரிடம் நகப்பூச்சு வாசம் வரும்போதெல்லாம் அந்த மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

அவர் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலை பார்ப்பதாகச் சொல்வார். எப்போது கேட்டாலும் அடுத்த மாசம் வாராருங்க என்பார். அந்த மனிதர் வேறு குடும்பத்தோடு மத்தியப் பிரதேசத்திலேயே தங்கிப் பல வருடம் ஆகிறது என்று என் அம்மா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். மறுநாளும் லேப் அக்கா, தீவாளிக்கு வாராரு, பட்டுச் சேலை எடுத்து வெச்சிருக்காராம் என்று ஒரு ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியைக்கும் உண்மை தெரியும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. என்ன நிறம் லேப் அக்கா என்று கேட்டார்.

எங்கள் அறிவியல் கட்டடத்தை ஊரில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. அறுபதுகளில் சென்னையிலிருந்து வந்த ஒரு கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. தரைத்தளத்தில் சுவர் கிடையாது, தூண்கள் மட்டும். படிக்கட்டுக்குப் பதில் நீளமான சாய்தளம். மேற்கு வெயிலைத் தடுக்க வரிசையாகச் செங்குத்துக் கான்கிரீட் தகடுகள். மேலே ஆய்வகமும், பெஞ்சுகள் படிப்படியாக உயரும் படிவரிசை வகுப்பறையும் அடுத்தடுத்து. விரித்த புத்தகத்தைக் கவிழ்க்காமல் வைத்தது போல நடுவில் தாழ்ந்த கூரை. சுவரில் பூச்சு இல்லை. வார்ப்புப் பலகையின் மர ரேகையும் கணுவும் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கும். பூச்சு வேலைக்கு முன்னால் மேஸ்திரி ஓடிப்போய்விட்டான் என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது அந்த ஆய்வகத்துக்குள் மட்டும் காற்று ஓடும் என்பது உள்ளே படித்தவர்களுக்குத் தெரியும். லேப் அக்கா சுவரிலிருந்த மர ரேகைகளை மாதம் ஒருமுறை பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வருடா வருடம் உறுதிச் சான்று கொடுக்க ஒரு பொறியாளர் வருவார். இந்த முறை ஒரு வெடிப்பு கண்ணில் பட்டாலும் பூட்டிவிடுவார்கள் என்று ஆசிரியைகள் பேசிக்கொண்டதை லேப் அக்கா கேட்டுவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நீதான் எல்லாத்தயும் ஒண்ணு ரெண்டு போட்டு எழுதி வெப்பியே சாமி. எங்கெங்க வெடிச்சிருக்குதுன்னு எழுதிக் குடு. எஞ்சினியரு அடுத்த வாரம் வாராராம்.”

இரண்டு நாள் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் சுற்றினேன். இருபத்திரண்டு இடம் கண்டுபிடித்தேன். இடம், நீளம், அகலம், எவ்வளவு ஆபத்து என்று கட்டம் போட்டு எழுதினேன். ஒன்பதாவது இது: ஆய்வகத்துக்கும் படிவரிசை வகுப்பறைக்கும் நடுவில், தரையிலிருந்து கூரை வரை ஒரே நேராகப் பிளவு. விரல் நுழைகிறது. மிக ஆபத்து. சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேப் அக்கா தனியாக வேலை செய்தார். மற்ற வெடிப்புகளுக்கு மேலோட்டமாக வெள்ளை சிமெண்ட். ஒன்பதாவதுக்கு மட்டும் ஏணி போட்டு, கருங்கல் ஜல்லியும் சிமெண்டும் கலந்து, இரும்புக் கம்பியால் உள்ளே குத்திக் குத்தி இறுக்கியிருந்தார். திங்கட்கிழமை பார்த்தபோது அப்படி ஒரு பிளவு இருந்ததே தெரியவில்லை. சாம்பல் நிறம்கூட ஒத்துப்போயிருந்தது. அடுப்புச் சாம்பல் கலந்தாராம். பொறியாளர் வந்தார், கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், தேநீர் குடித்தார், கையெழுத்துப் போட்டார். கட்டடத்தைக் காப்பாற்றியதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். கல்லூரியில் கட்டடப் பொறியியலுக்கு விண்ணப்பித்தபோது அந்த நினைப்பும் ஒரு காரணம்.

இப்போது சேலத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் பழைய கட்டடங்களை ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறேன். போன கோடையில் எங்கள் பள்ளியிலிருந்தே அழைப்பு வந்தது. படிவரிசை வகுப்பறையின் கடைசி உத்தரத்திலிருந்து தலையளவு கான்கிரீட் துண்டு பெயர்ந்து மூன்றாவது பெஞ்சில் விழுந்திருந்தது. விடுமுறை என்பதால் பெஞ்சில் யாருமில்லை.

தாளாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார். “வயசாயிருச்சு, இனி தாங்காதுன்னு எழுதிக் குடுத்துருங்கம்மா. ரோட்டப் பாத்து நாலு கட கட்டுனா பள்ளிக்கூடத்துக்கும் நல்லதுதானே.”

வயதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பி துருப்பிடிக்கவில்லை. கான்கிரீட் நல்ல பலத்தோடு இருந்தது. ஆனால் கடைசிச் சுவர் முழுக்கச் சாய்வான புது விரிசல்கள், யாரோ உள்ளேயிருந்து தள்ளியது போல. இரண்டாம் நாள் பள்ளி அலுவலகத்தில் பழைய வரைபடங்கள் கிடைத்தன. ஆய்வகத்துக்கும் படிவரிசை வகுப்பறைக்கும் நடுவில் இரண்டு நேர்கோடுகள் வரைந்து, ஓரத்தில் விரிவு இடைவெளி, ஒரு அங்குலம், தார்ப்பலகையும் செம்புத் தகடும் கொண்டு மூடவும் என்று எழுதியிருந்தது.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய், பட்டியலில் நான் ஒன்பதாவதாக எழுதிய இடத்தின் முன்னால் நின்றேன். வெயிலில் கூரை நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும் என்றுதான் கட்டடத்தையே இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு அங்குலம் விட்டிருந்தார்கள். செம்புத் தகட்டை எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும், தார்ப்பலகை மட்கி உதிர்ந்திருக்க வேண்டும். நான் பார்த்தது வெறும் பிளவை.

உளி வைத்துத் திறந்து பார்த்தபோது அடைப்பு ஒரே வார்ப்பாக இல்லை. வருடத்துக்கு ஒன்றாக மெல்லிய அடுக்குகள். மார்கழிக் குளிரில் கட்டடம் சுருங்கும்போது ஓரத்தில் மயிரிழை போலப் பிளவு விட்டிருக்கும். லேப் அக்கா அதைக் கண்டுபிடித்து மறுபடி அடைத்திருக்கிறார். சித்திரையில் கூரை நீள இடம் தேடியபோது முந்தைய வருடத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. பத்து வருடம். ஒரு வருடம்கூட அவர் தவறவிடவில்லை.

அவர் அப்போதும் அங்கேதான் வேலையில் இருந்தார். ஓய்வு பெற நான்கு மாதம். வழியனுப்பு விழாவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று அன்று காலைதான் என்னிடம் கேட்டிருந்தார். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஆய்வகத்துக்குள் கூட்டிப் போய், அது வெடிப்பு இல்லை, கட்டியவர்களே விட்ட இடம் என்று சொன்னேன்.

“கட்டடம் நீளுமா?” என்று கேட்டார்.

அலமாரியில் இரும்பு உருண்டையும் வளையமும் இருந்தன. குளிர்ந்த உருண்டை வளையத்துக்குள் போகும், சூடாக்கினால் போகாது. அந்தச் சோதனைக்கு இருபத்தைந்து வருடமாக விளக்கேற்றிக் கொடுத்தவர் அவர். அதில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இருவருமே அலமாரியைப் பார்த்தோம்.

“அப்ப நாந்தான் கெடுத்தனா?”

“லிஸ்ட் நான் எழுதினது அக்கா. ரொம்ப ஆபத்துன்னு நான்தான் கோடு போட்டேன். நீங்க அதப் பாத்துத்தான் அடைச்சீங்க.”

அவர் முதலில் கதவைத்தான் பார்த்தார். யாருமில்லை.

“இத யாருகிட்ட சொன்ன?”

“இன்னும் யாருகிட்டயும் சொல்லல.”

“சொல்லாத.” மேசைத் துணியை எடுத்துக்கொண்டு, “எஞ்சினியரு புள்ளைக்கு இது தெரியலயான்னு கேப்பாங்க. உன்னோட வேல என்னாகறது?” என்றார்.

அப்போது எனக்குப் பதினேழு வயது, நான் பொறியாளர் இல்லை என்றேன். அதையெல்லாம் யார் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அறிக்கையில் காரணம் என்ற தலைப்பின் கீழ், அடைத்தது யார் சொல்லி என்பது வரை எழுதினேன். என் மேலதிகாரி அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டார். நம்ம அறிக்கை கட்டடத்தைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது இல்லை என்றார். அது சரிதான். விரிவு இடைவெளி பிற்காலத்தில் அடைக்கப்பட்டுள்ளது, அதைத் திறந்து உத்தரத்தின் முனையைச் சரிசெய்தால் கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை என்று முடித்தோம்.

தாளாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, யார் அடைத்தது என்று கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று தயாராகத்தான் போனேன். அவர் கேட்கவில்லை.

“அந்த லேப் அம்மாவே நேத்து வந்து ஒத்துக்கிச்சும்மா. யாரும் சொல்லல, நானாத்தான் அடைச்சேன், எம் புத்தி அப்படின்னுச்சு. நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னும் எதெத அடைச்சு வெச்சிருக்குதோ.”

என் முன்னால் தேநீர் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். ஒன்று, பட்டியல் என்னுடையது. இரண்டு, அவர் கேட்டது பட்டியல் மட்டும், ஆபத்து என்று முடிவுசெய்தது நான். மூன்று, நான்கு மாதத்துக்காக அவரை அனுப்ப வேண்டாம். தேநீரைக் குடித்தேன். பழுது வேலை எப்போது தொடங்கலாம் என்று தாளாளர் கேட்டார். பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

லேப் அக்கா சேலத்துக்கு வந்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகள் வீட்டில் தங்கினார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாசல் குழாயின் கசிவுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மாளிடம் என்னை அறிமுகப்படுத்தினார். பள்ளிக்கூடத்தில் தன்னைப் போக வேண்டாம் என்று எல்லோரும் அழுததாகவும், உடம்பு முடியாததால் தானே வந்துவிட்டதாகவும் அந்தம்மாளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். “கேளுங்க, இந்தப் புள்ளயவே கேளுங்க” என்றார். நான் ஆமாம் என்றேன்.

மார்கழியில் பழுதெல்லாம் முடிந்தபின் இடைவெளியை அளக்கப் பள்ளிக்குப் போனேன். ஒரு ஓரம் மட்டும் திருகி, மறு ஓரம் நகரும்படி அலுமினியத் தகடு பொருத்தியிருந்தோம். உள்ளே இடம் சுத்தமாக இருந்தது. நான் ஏணியில் நின்றிருந்தபோது அடுத்த அறையில் வகுப்பு நடந்தது. வெப்ப விரிவு. புதிதாக வந்த ஆசிரியை உருண்டையையும் வளையத்தையும் காட்டிவிட்டு, இதற்கு நம்ம பள்ளியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். இங்கே ஒரு அம்மா வேலை பார்த்தார், கட்டடத்துக்கு மூச்சுவிட வைத்த இடத்தை வெடிப்பு என்று நினைத்து வருடா வருடம் சிமெண்ட் வைத்து அடைத்தார், படிக்காதவர்கள் கையில் விட்டால் இப்படித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அந்த அம்மா மூக்கயும் அடைச்சுக்கிச்சா மிஸ்?” என்றது. மறுபடி சிரிப்பு. ஆசிரியையும் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நல்ல உதாரணம் அது. வருடா வருடம் சொல்வார்.

அன்று சாயங்காலமே தாளாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நடந்ததை எண் போட்டு ஆறு குறிப்பாக எழுதி, நகலைத் தலைமையாசிரியைக்கும் அனுப்பினேன். தாளாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “முடிஞ்சு போனத எதுக்கும்மா கிளப்புறீங்க? ஓய்வு தேதியும் தாண்டிருச்சு. அந்தம்மா எங்கிட்ட சாமி சத்தியமா நானாத்தான் செஞ்சேன்னுச்சு. அப்ப அது பொய்யா?” என்றார். ஆமாம் என்றேன். இனி என்னை அந்தப் பள்ளி வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. பாடத்தில் அந்த உதாரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் என்றார்.

மூன்றாம் நாள் லேப் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளியிலிருந்து யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேசத் தொடங்குமுன் அவரே பேசினார். குரல் உயரவில்லை.

“வெடிப்ப அடைச்சுக் கெடுத்தவள்னு ஊரு சொல்லட்டும் சாமி. செஞ்சேன், சொல்றாங்க. அந்தத் தாளாளரு முன்னாடி பொய் சொன்னவளா ஆக்கிட்டியே.”

“உங்க மேல தப்பு இல்லன்னு சொல்லத்தாங்க்கா எழுதினேன்.”

“எனக்கா எழுதுன?” என்று கேட்டார். பின்னால் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது. “உனக்குத் தாங்கல. அதான் எழுதுன.”

அதோடு வைத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. பிறகு நான் அழைத்தபோதெல்லாம் அவர் மகள்தான் எடுத்தாள். அம்மா நல்லா இருக்குதுங்க, தூங்குது என்றாள். காலை பதினொரு மணிக்கும் அதையே சொன்னாள்.